ஒரு வருத்தமும் இல்லை

ரூ லூயி-பிளாங்,
பரிஸ் 10.
16 ஒக்டோபர் 2022

அன்புள்ள அண்ணாவுக்கு,

தர்மிளா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கித்தான் கடிதம் எழுத வேண்டும் என்று தமிழ்ச்சோலைப் பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படி ஒரு வரி எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். ஏன் என்று வாசிக்க வாசிக்க உங்களுக்கு விளங்கும்.

என்னுடைய எண்ணையும் அம்மாவின் எண்ணையும் உங்கள் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கிழிப்பதானால் வாசித்த பிறகு கிழியுங்கள். பிரெஞ்சில் எழுதுவது எனக்கு இதைவிடச் சுலபம். ஆனால் நடந்தது தமிழில் நடந்தது. பிரெஞ்சில் அதைச் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கிறது. சொல்லிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு மகன் பிறந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். அம்மாவோடு உணவகத்தில் ரோல்ஸ் சுற்றுகிற புஸ்பராணி அன்ரியின் தொலைபேசிக்கு யாரோ படம் அனுப்பியிருந்தார்கள். அம்மா மாக்கையைத் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாராம். கடைசியில் திரையில் நெற்றி மட்டும்தான் இருந்ததாம். “சின்னவன்ரை நெத்தி” என்று தம்பியை நினைத்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இனி அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

தம்பி சஞ்சீவனின் எரிப்புக்கு வந்து நீங்கள் ரொறன்ரோ திரும்பிய கிழமையில்தான் அது நடந்தது. நீங்கள் இருந்தபோதே ஊர்வலங்கள் தொடங்கிவிட்டன. லா சப்பல் மெத்ரோ மேம்பாலத்தின் கீழே, தம்பியைப் பொலிசார் முகம் குப்புறப் படுக்க வைத்து முழங்காலால் அமுக்கிய இடத்தில், அவனுடைய சிநேகிதன் அலெக்சாந்த்ர் பூ வைத்ததையும், அவனைச் சுற்றிப் பெடியள் கூடியதையும் பார்த்தீர்கள். மாலியன், அல்ஜீரியன், நம்மவன் எல்லோரும் ஒரே சட்டை போட்டு நின்றார்கள். ஒபர்வில்லியேயில் வேலை முடிந்து வந்தவன், அடையாள அட்டையை வேறு ஜக்கெற்றில் மறந்துவிட்டு வந்தவன், ஏன் செத்தான் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு வந்த பதிலும் உங்களுக்குத் தெரியும். அவனுக்கு முன்பே இதயத்தில் ஏதோ கோளாறு இருந்திருக்கலாம், பரிசோதித்துச் சொல்வோம் என்றார்கள்.

நீங்கள் போன பிறகு ஒரு நாள் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. அதற்குப் பிறகுதான் தலைவர்கள் பேசத் தொடங்கினார்கள். நான் நூலகத்தில் வேலை செய்கிறவள், சொற்களைக் கவனிப்பது எனக்குப் பழக்கம். ஒருவர் கண்ணாடிக்காகக் கண்டனம் தெரிவித்தார். இன்னொருவர் நீதி தன் வேலையைச் செய்யட்டும் என்றார். இன்னொருவர் பொலிசாரின் களைப்பைப் பற்றிப் பேசினார். அவர்களில் ஒருவர்கூடத் தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. 2009இல் வன்னிக்காக இதே ஊரில் தெருவில் இருந்தோமே, அப்போது எனக்குப் பதினொரு வயது. ‘ஆழ்ந்த கவலை’ என்று அறிக்கை வந்தது என்று நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். கவலை ஆழமாக இருந்தால் ஏதாவது செய்வார்கள்தானே என்று நான் கேட்டேன். நினைவிருக்கிறதா?

பிறகு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அம்மாவைச் சந்திக்க விரும்புவதாகச் செய்தி வந்தது. தேர்தலுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நானும் கூடப் போனேன். தாய் மட்டும் வரட்டும், நெருக்கமான சந்திப்பாக இருக்கட்டும், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று என்னை வெளியே வாங்கில் இருத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் மிசியே ழான்-லூக். புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போகும்போது, “கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்” என்று என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். இதை நான் வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை.

கதவு திறந்தபோது அந்த உறுப்பினரின் கண்கள் கலங்கியிருந்தன. நேரே கமெராக்களிடம் போனார். அவர் சொன்னதை நீங்களும் ரொறன்ரோவில் கேட்டிருக்கிறீர்கள். “இந்தத் தாய் என்னிடம் சொன்னார், எங்களுக்கு எந்த மனக்கசப்பும் இல்லை, என் மகனுக்கும் யார் மீதும் எந்த மனக்கசப்பும் இருந்ததில்லை என்று. தெருவில் நிற்பவர்கள் இந்தத் தாயைக் கேட்கட்டும்.”

அன்றைக்கு நீங்கள் அனுப்பிய கடைசிச் செய்தி என்னிடம் இன்னும் இருக்கிறது. ‘அவ மன்னிக்கிறதெண்டால் மன்னிக்கட்டும். எனக்கு அம்மா இல்லை.’ மொழிபெயர்ப்புப் பிழை என்று நான் எழுதியபோது, பிடிபட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எழுதிவிட்டுத் தடுத்துவிட்டீர்கள்.

அண்ணா, அந்த அறையில் நடந்தது இதுதான். அம்மாவிடமும் ழான்-லூக்கிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றாகத்தான் இருந்தது.

அந்த உறுப்பினர், எங்கள் மீது உங்களுக்கு நிறைய மனக்கசப்பு இருக்கும் என்று அறிவேன் என்று பிரெஞ்சில் சொன்னார். ழான்-லூக் அதைத் தமிழில் சொன்னார்: “உங்களுக்கு ரொம்ப வருத்தம் இருக்கும், அவருக்குத் தெரியுது.”

வருத்தம். அந்த ஒரு சொல்தான்.

நம் வீட்டில் வருத்தம் என்றால் என்ன? நோய்தானே. காய்ச்சல் வருத்தம், சலரோகம் வருத்தம், ‘பாவம் அந்த மனுசி, வருத்தக்காரி’ என்பார்கள். புத்தகங்களில் வேறு மாதிரி இருப்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் இந்தியாவில் அச்சான புத்தகங்களோடு வளர்ந்தவள் நான். அம்மா அவற்றை வாசித்ததில்லை. தம்பிக்கு இதய வருத்தம் இருந்திருக்கலாம் என்று ரேடியோவில் கேட்டுக் கேட்டு நெஞ்சு எரிந்து போயிருந்த அம்மாவிடம் ஒருவர், உங்களுக்கு வருத்தம் இருக்கும் என்று சொல்கிறார். பரம்பரை வருத்தம் என்று எழுதப் பார்க்கிறார்கள் என்று அம்மா நினைத்துவிட்டார். கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, என்னிடம் பிறகு சொன்ன அதே குரலில்தான் சொல்லியிருப்பார்: “இல்லை. எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்ரை பிள்ளைக்கும் ஒரு நாளும் ஒரு வருத்தமும் இருக்கேல்லை. நல்லா எழுதிக்கொள்ளுங்கோ.”

ழான்-லூக் எழுதிக்கொண்டார். தன் தமிழில் கேட்டதைப் பிரெஞ்சில் சொன்னார். தனக்கே அழுகை வந்துவிட்டதாகச் சொன்னார்.

அம்மா அந்த அறையில் யாரையும் மன்னிக்கவில்லை. தன் பிள்ளைக்காகச் சண்டை போட்டார்.

அன்று மாலை தொலைக்காட்சி முன்னால் இருந்து, “என்னவாம் சொல்லுறார்?” என்று கேட்டார். நான் சொன்னேன். “நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?” என்றார். பிறகு இருவருமாக ஒவ்வொரு சொல்லாகத் தேடி அதைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்ததும் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

மறுநாள் ழான்-லூக்கைப் போய்ப் பார்த்தேன். கையில் இருந்த கோப்பையை வைக்க இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். “எங்க ஊர்ல வருத்தம்னா மனசுக்குத்தாம்மா. உடம்புக்கு வரதையும் நீங்க அப்படிச் சொல்வீங்கன்னு இத்தனை வருஷமா உங்க ஆளுங்க கடையிலயே சாமான் வாங்கறேன், எனக்குத் தெரியாம போச்சே” என்றார். அன்றே திருத்தம் எழுதிக் கையொப்பம் இட்டு அனுப்பினார். பதில் வரவில்லை. பிறகு நானே அந்த உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “மத்மசெல், ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் காயத்தை ஆற்றுகிற அர்த்தத்தையே வைத்துக்கொள்வோமே.” யாருடைய காயம் என்று கேட்டேன். எழுந்து, தானே கதவைத் திறந்துவிட்டார்.

திருத்தம் ஏதாவது பேப்பரில் வந்தால் வெட்டி உங்களுக்கு அனுப்பலாம் என்றுதான் இவ்வளவு மாதம் காத்திருந்தேன். வரவில்லை. அம்மா சொல்லாத அந்த வாக்கியம் தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் வந்தது. எங்கள் தபால்பெட்டியிலும் ஒன்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அது என்ன என்று தெரியவில்லை, அதன் மேல் கறிவேப்பிலையைப் பரப்பிக் காய வைத்திருந்தார். நான் எடுக்கவில்லை.

ஊர்வலம் கரைந்துவிட்டது. தாயே மன்னித்த பிறகு நாங்கள் யார் என்று பெடியள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைக்காரர்கள் அம்மாவைக் கண்டால், “அக்கா, உங்கடை மனம் ஆருக்கு வரும்?” என்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடிதான் பயம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களிலேயே சிலர் பின்னால், “அரசாங்கம் வீடு குடுத்திட்டுதாம்” என்றும் சொல்கிறார்கள். அதே நாலாம் மாடியில்தான் இருக்கிறோம், மின்தூக்கி இன்னும் இல்லை.

கண்ணாடி உடைத்ததற்காக அலெக்சாந்த்ரைப் பிடித்தார்கள். வழக்கில் எதிர்த்தரப்பு, பெற்ற தாய்க்கே இல்லாத மனக்கசப்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டதாம். சிறையில் இருக்கிறான். நான் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதைச் சஞ்சீவன் இருந்தால் ஒரு நிமிடத்தில் மொழிபெயர்த்திருப்பான்” என்றான். ஓம், அவனுக்குத்தான் எல்லோருடைய தமிழும் வரும். புதுச்சேரிக்காரர் மாதிரிப் பேசிக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பானே.

இப்போது, எதற்காக எழுதத் தொடங்கினேனோ அதற்கு வருகிறேன்.

படியேறி வரும்போது அம்மா இரண்டாம் மாடியிலேயே நின்றுவிடுகிறார். முதலில், பை பாரம் என்றார். இப்போது பை இல்லாமல் வந்தாலும் நிற்கிறார். சுவரில் கையை வைத்து, மற்றக் கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான் மேலே இருந்து எட்டிப் பார்த்தால் கையை எடுத்துவிடுகிறார். புஸ்பராணி அன்ரி சொல்கிறார், வேலையிடத்திலும் ஒரு நாள் மாவுப் பானையைப் பிடித்தபடி கண் இருட்டி இருந்துவிட்டாராம்.

டொக்டரிடம் வரச் சொல்லிக் கெஞ்சிவிட்டேன். வரமாட்டேன் என்கிறார். காரணத்தைக் கேளுங்கள். “என்னைக் கொண்டுபோய்க் காட்டினால், தாய்க்கும் நெஞ்சு வருத்தம், அப்ப மகனுக்கும் இருந்திருக்கும் எண்டு எழுதிப் போடுவினம். என்ரை பிள்ளை வருத்தத்திலை செத்தவன் எண்டு முடிச்சுப்போடுவினம். நான் விடமாட்டன்.” தம்பியின் இதயத்தைப் பற்றி இரண்டாவது நிபுணரின் அறிக்கை இன்னும் வரவில்லை என்பதும் அம்மாவுக்குத் தெரியும். டொக்டரிடம் சொல்வது வெளியே போகாது, அது சட்டம் என்றேன். “கதவைப் பூட்டிப்போட்டுக் கதைச்சது வெளியாலை என்னவாப் போனது எண்டு கண்டனிதானே, பிள்ளை” என்றார். நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

இப்போது அந்தச் சொல்லையே அம்மா வாயில் எடுப்பதில்லை. கீழ்வீட்டு மரியமலர் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது, ‘சுகமில்லை’ என்றார். முன்பெல்லாம் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தால் அம்மா உங்களிடம் முதல் கேட்பது என்ன? ‘தம்பி, வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?’ இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறிக்கிறார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. “அவனுக்குக் கோவம் இருக்கும்தானே, செத்தது தம்பியாரெல்லோ” என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

அண்ணா, நான் சொல்லி அம்மா கேட்கமாட்டார். நான் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தவள், என்னை எதிலிருந்தாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். அப்பா போன பிறகு நீங்கள் சொல்லி அம்மா தட்டியது எதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளையின் குரலைக் கொஞ்சம் கேட்கவிடுங்கள். அம்மா உங்களிடம் வழக்கமானதைக் கேட்கத் தொடங்கி, அந்தச் சொல் வந்ததும் நின்றுவிடுவார். அந்த இடத்தில் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். அம்மா அங்கேதான் இருப்பார். அப்போது நீங்கள் சொல்லுங்கள்: “அம்மா, உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். இருந்தால் சொல்லலாம்.”

எந்த ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது என்பதை அம்மா பார்த்துக்கொள்வார்.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் தங்கை,
தர்மிளா