ஒத்திகைப் படமும் சிவப்பு அம்புகளும்

நவ. 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆயில் பெயின்ட் காயவே மாட்டேன் என்கிறது. சென்னைக் கண்காட்சிக்கு இந்த ஒத்திகைப் படம் தேர்வு. பாதியில் எடுத்த போட்டோவைப் பார்த்தே எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. படத்தை எடுத்துப்போகச் சனிக்கிழமை வேன் வரும்.

சாயங்காலம் சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் இசைக்குழு ஒத்திகை. ஸ்கெட்ச் புக்கோடு ஓரமாக நான். வயலின்காரர்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனியின் நீல யூனிபார்மோடு அப்படியே வருகிறார்கள். ஒருத்தராவது ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டுமே! டிரம்பெட்காரர் இன்று இடம் வேறு மாறிவிட்டார். மாஸ்டர் சாமுவேலிடம் புலம்பினேன்.

"இன்னாக்கா நீங்க, அசையாம உக்காந்தா எப்டி வாசிக்கறது?"

அதுவும் சரிதான்.

வாங்க: டர்பன்டைன், தக்காளி, கொசுவத்தி.

நவ. 19, புதன்

டிராயிங் கிளாஸில் ஏழாம் வகுப்பு முழுக்கப் பொங்கல் பானை வரைந்தது. தலைவலி.

படம் கொஞ்சம் பிடிபடுகிறது. முகம் வேண்டாம், விரல் வேண்டாம். டியூப் லைட் வெளிச்சம் நீலச் சட்டைகளில் சிதறுவது போதும். இம்ப்ரெஷனிசம் என்று வகுப்பில் வாய் கிழியச் சொல்லிக்கொடுக்கிறேன், என் கைக்கு வருவதற்குள் உயிர் போகிறது.

நவ. 20, வியாழன்

மழை. ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால் படம் பூராவும் சிவப்பு அம்பு!

என் வீட்டுக்காரர் வில்சன் ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பவர். தோலில் கீறல், கறை இருந்தால் அந்த இடத்தைக் காட்ட அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அதை என் படத்தில். ஈரப் பெயின்ட்டில்.

"இன்னா ஸ்டெல்லா, ஒருத்தனுக்கும் கண்ணு மூக்கு இல்ல. வயலின் கீது, புடிச்ச கையக் காணோம். நீ சரி பண்ணிக்குவன்னுதான்..."

கத்திவிட்டேன். உரித்தால் அம்போடு பெயின்ட்டும் வருகிறது. அடியில் வெள்ளைக் கேன்வாஸ். அழுகை.

"வேன்ல போற சரக்கு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ தாங்க மாட்ட."

அதற்கும் கோபம்தான் வந்தது. சரக்காம்.

நவ. 21, வெள்ளி

லீவு. நாள் முழுக்க ஒட்டுப்போட்டேன். முகம் வைக்கவில்லை. வீம்புக்கு இன்னும் கொஞ்சம் கலைத்தேன். அவரோடு பேச்சில்லை. அவரே சோறு வடித்தார், குழைந்துவிட்டது.

நவ. 22, சனி

வேன் டிரைவர் விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டே பார்த்தார்!

"ஈரமா கீது மேடம். ஏத்துனா மத்த படத்துல ஒட்டிக்கும்."

போய்விட்டார். சாயங்காலத்துக்குள் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. எல்லாம் போச்சு என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வில்சன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கெளம்பு. ட்ரெயின்ல போலாம்."

ரயிலில் எழுதுகிறேன். எனக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்தது. இவர் கதவோரம் படத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்கிறார். காட்பாடியில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. ஒரு ஆள் படத்தில் மூக்கை வைக்காத குறை.

"இன்னா சார் இது, ஒண்ணுமே புரியல?"

"மேல இடிக்காத. தள்ளி நின்னு பாரு," என்கிறார் இவர். "வாசிக்கறாங்க, தெரியல?"