நீலமாகிப்போன தங்கம்

என்னங்க, உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தையும் சின்னவனும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஆய்வகத்தில் ஒரு கூத்து. உடம்புக்குள் மருந்து சுமக்க நாங்கள் செய்யும் தங்க நுண்துகள்கள் தண்ணீரில் மாதுளைச் சாறுபோலச் சிவந்திருக்கும். உப்பு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகிவிடும். என் குடுவை மட்டும் தினமும் நீலமானது. பக்கத்து மேசைக்காரிதான் ஏதோ செய்கிறாள் என்று சந்தேகப்பட்டு அவளிடமே கேட்டுவிட்டேன். "குடுவையக் குழாய்த் தண்ணியில கழுவுனா உப்பு ஒட்டாதா?" என்றாள். அசடு வழிந்தேன்.

இப்போது சந்தேகம் உங்கள் மேல். போனில் கேட்டால் சமாளித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். ஐந்து வயதாகியும் பேச்சு வராத சின்னவன் "அம்மா" என்றான் என்றீர்களே. நிஜமாகவா, என்னைத் தேற்றவா? எந்தக் குடுவையில் மருந்து, எதில் வெறும் தண்ணீர் என்று அளப்பவருக்கே இங்கே சொல்லமாட்டோம். ஆசைப்பட்டவர் கண்ணுக்கு ஆசைப்பட்டதுதான் தெரியும். என் படத்தைக் காட்டாமல், சொல்லிக்கொடுக்காமல், போனில் ஒலிப்பதிவை ஆரம்பித்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். அவன் தட்டைத் தட்டும் சத்தம், அத்தையின் இருமல், எதையும் வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள்.

ஆய்வகத்தைப் பூட்ட வந்துவிட்டார்கள். பதிவில் "அம்மா" இல்லையென்றால் சண்டை போடமாட்டேன். அடுத்த முறை பேசும்போதும் அவன் சொன்னான் என்றே சொல்லுங்கள்.

உங்கள் சந்தேகப்பிராணி