தலைகீழ் மூடி

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்றைக்கு ஒரு எழுத்தாளரைப் பார்த்தேன். பெயர் கீதா. பிறந்தது மாட்டுங்கா, இருப்பது டோம்பிவிலி, எழுதுவது செவ்வாய் கிரகம். இளைஞர்களுக்கான விஞ்ஞான நாவலாம். தாராவிக்குள் கால் வைத்தது இன்றுதான். ஆனால் நாவலில் பாதி தாராவி. 2150இல் இங்கே பையன்கள் குப்பையில் ரோபோ கையைப் பொறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து அழுகிறார்கள். 2150லயும் நாங்க பொறுக்கிக்கிட்டேதான் இருக்கணுமா?

பதினேழு வயதுக்காரர் யாராவது படித்துச் சரி சொன்னால்தான் அச்சு என்று சென்னைப் பதிப்பாளர் சொல்லிவிட்டாராம். என் கூட்டாளிகளுக்குத் தமிழ் என்றால் அம்மா திட்டுவது மட்டும்தான், படிக்கத் தெரியாது. நான் சர்ச்சில் வேதப்பாடம் வாசிக்கிறவள். போதகர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

விஞ்ஞானக் கதை இல்லை இது, வீண்ஞானக் கதை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். சிரிக்க ஏதாவது வேண்டுமே.

ஆகஸ்ட் 25

எழுத்தாளர் பிழைப்பின் லட்சணம்: பகலெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். கதை எழுதுவது லோக்கல் டிரெயினில், லேடீஸ் டப்பாவில், நின்றுகொண்டு, போனில், ஒற்றைக் கட்டைவிரலால். டோம்பிவிலியில் தொடங்கும் அத்தியாயம் தாதரில் முடிந்தாக வேண்டும். ஸ்லோ டிரெயின் கிடைத்தால் கதாநாயகன் யோசிப்பான். ஃபாஸ்ட் கிடைத்தால் குண்டு வெடிக்கும். தானா ஸ்டேஷனில் ஏறிய கூட்டத்தின் முழங்கை பட்டு ஒரு விண்கலம் மொத்தமாக அழிந்துபோனதாம். மறுநாள் மறுபடி கட்டினாராம்.

அதே டப்பாவில் ஹேர்கிளிப் விற்கலாம். நாலு பேராவது வாங்குவார்கள்.

செப்டம்பர் 8

காலையில் தண்ணீர்ச் சண்டை. எங்கள் லைன் வீடுகளுக்கு ஐந்திலிருந்து ஆறரை வரைதான் குழாயில் வரும். முறை தப்பி ஒரு குடம் பிடித்ததற்காக எதிர்வீட்டுப் பேச்சிராஜா மாமா அம்மாவோடு ஒரு மணி நேரம் கத்தினார். பழைய பிளாஸ்டிக்கை அரைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். வாயும் அதே மிஷின்.

மத்தியானம் கீதாக்கா நோட்டும் கையுமாக வந்து கேட்டார்: ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் அக்கம்பக்கம் என்ன செய்யும்?

உண்மை என்னவென்றால், மொத்த லைனும் வாசலில் வந்து நின்று விசாரிக்கும். ஏன், எப்படி, நான் அப்பமே சொன்னேம்லா என்று உயிரை எடுக்கும். அதைச் சொல்லவில்லை. வேதப்பாடம் வாசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு அவிழ்த்துவிட்டேன்: கஷ்டப்படுகிற வீடு தன் வாசல் தண்ணீர் டிரம்மின் மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும். அன்றைக்கு அந்த வீட்டை யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். காலையில் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீரை அந்த டிரம்மில் ஊற்றிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

கீதாக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்வீட்டி, இதை நான் எடுத்துக்கலாமாடி?"

எடுத்துக்கோங்க அக்கா. தாராளமா.

அக்டோபர் 6

எடுத்துக்கொண்டார். இரண்டு அத்தியாயம் முழுக்கத் தலைகீழ் மூடிதான். பதிப்பாளர் படித்துவிட்டு அழுதாராம். தாராவியில் ஒரு குடம் தண்ணீரைச் சும்மா கொடுக்கிறார்கள்! செவ்வாயில் குடியேறுவதையாவது நம்பலாம்.

ஜனவரி 19

போச்சு. எல்லாம் போச்சு.

புத்தகம் வந்துவிட்டது. முன்னுரையில் கொட்டை எழுத்தில்: 'இந்த நாவலின் தாராவி முழுவதும் ஸ்வீட்டி ஜோசப்ராஜ் சொன்னது.' போதாததற்கு வெளியீட்டு விழா ஏப்ரலில், எங்கள் சர்ச் ஹாலில். அந்த மூடிப் பகுதியைத்தான் மேடையில் வாசிக்கப்போகிறாராம். கேட்க வருவது மொத்த லைனும்.

மாட்டுங்கா மேடையில் வைத்தால் என்ன, கொறஞ்சா போயிருவாங்க?

கீதாக்காவின் முந்தின இரண்டு நாவல்களும் விற்கவில்லையாம். புத்தகத்தோடு வந்தவர் டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "இதையும் யாராவது நக்கல் பண்ணினா நிறுத்திடுவேன். டிரெயின்ல தூங்கிண்டு போலாம்."

நான் ஏன் அப்போது வாயைத் திறக்கவில்லை?

பிப்ரவரி 10

நாளை முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தால் பேச்சிராஜா மாமா முகம் தெரிகிறது.

ஏப்ரல் 27

விழா. மின்விசிறிக்குக் கீழே இருபது நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். அம்மா என் பெயர் அச்சான பக்கத்தைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். கீதாக்கா பட்டுப்புடவையில் வந்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஓடுகிற ரயிலில் ஒற்றைக் கட்டைவிரலால் எழுதுகிறவர்.

வாசித்தார். அந்த மூடிப் பகுதியைத்தான். நான் பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் பேச்சிராஜா மாமா எழுந்தார். "எந்த லைன்லம்மா இந்த வழக்கம்?"

கீதாக்கா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். சொல்லிரு, சொல்லிரு என்று உள்ளே ஒருத்தி. வெளியே வந்தது: "நம்ம லைன்லதான் மாமா."

மாமா என்னைப் பார்த்தார். புத்தகத்தை விடாத கீதாக்காவின் கையையும் பார்த்தார். "ஆமா. நம்ம லைன்லதான். மறந்துட்டேன்." உட்கார்ந்துவிட்டார். கைதட்டல்.

வெளியே மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, புளுகுனதுதான் புளுகுன. குடம் கணக்குல ஏம்ட்டி புளுகுன? சும்மா கும்பிட்டுட்டுப் போவோம்னு புளுகிருக்கக் கூடாதா?"

வீட்டுக்கு வந்து கீதாக்காவுக்கு மெசேஜ் எழுதினேன். 'அக்கா, அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நான் விளையாட்டுக்குச் சொன்னது. மன்னிச்சிருங்க.' அனுப்பவில்லை. வைத்திருக்கிறேன்.

மே 5

ரிசல்ட். பிசிக்ஸில் ஃபெயில்.

விஞ்ஞான நாவலுக்கு ஆலோசகர், விஞ்ஞானத்தில் ஃபெயில். இந்த ஜோக் வேறு யாருக்காவது நடந்திருந்தால் நன்றாகச் சிரித்திருப்பேன்.

அப்பா மார்க்கைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதுதான் தாங்க முடியல. திட்டினா என்ன? அம்மா மட்டும் வெளியே போய் எதையோ உருட்டிவிட்டு வந்தாள். இனி லைன் வரும். எத்தனை மார்க், பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு, நான் அப்பமே சொன்னேம்லா. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஒருத்தரும் வரவில்லை.

மே 6

காலை ஏழு மணிக்குப் பல் தேய்க்க வெளியே வந்தேன். எங்கள் நீல டிரம்மின் மூடி தலைகீழாகக் கிடக்கிறது. அம்மா. பைபிளைத் தவிர ஒன்றும் படிக்காதவள், என் பெயர் இருக்கிறதென்று முழு நாவலையும் படித்திருக்கிறாள்.

தூக்கிப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர். மேலே சோப்பு நுரையும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் துணுக்கும் மிதக்கின்றன. பேச்சிராஜா மாமா வீட்டுக் குடத்தை இந்த ஜென்மத்தில் யாரும் ஒழுங்காகக் கழுவியதில்லை.

எதிர்வாசலில் அவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே வந்து போனை எடுத்து, கீதாக்காவுக்கு எழுதி வைத்திருந்த மெசேஜை அழித்துவிட்டேன். இனிமேல் அனுப்பினால் அதுதான் பொய்.