சொல்லு கண்ணு

ஜூன் 16, திங்கள்
மூன்று கல்லூரிகளும் சேர்ந்து இனி ஒரே ஜெர்மன் வகுப்பாம். மூன்றாவது கல்லூரியின் ஜெர்மன் ஆசிரியை பிரத்யுஷா தன் கல்லூரியில் நின்று பாடம் எடுப்பாள். எங்களுக்கும் அன்னூர்க் கல்லூரிக்கும் அது திரையில் வரும். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு செயலி. அதில் கேட்பது என் குரல். "எல்லாப் பசங்களுக்கும் உதவுமுங்க" என்று போன வருஷம் அவள் கேட்க, தொண்டை கட்டக் கட்டப் பதிவு செய்து கொடுத்தேன். அப்புறம், இங்கே ஜெர்மன் எடுத்துவந்த எனக்கு என்ன வேலை? முதல்வர் லட்சுமணசாமி சொன்னார்: "நீங்க புரொஜக்டரப் போட்டு, அட்டெண்டன்ஸ் எடுத்தாப் போதுங்க ஹுமேரா." மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. 'ங்க' போட்டே கழுத்தை அறுப்பார்கள்.

ஜூன் 24
பல்லைக் கடித்துக்கொண்டு புரொஜக்டர் போட்டேன்.

ஜூலை 3
பிரத்யுஷா போன் செய்தாள். பதிவில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நான் "சொல்லு கண்ணு" என்கிறேனாம். "புரொஃபஷனலா இல்லீங்க. எல்லாத்தையும் வெட்டிப்போட்டோம்." வகுப்பில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது. வந்தால் என்ன? உன் வாயில் வராது, அவ்வளவுதான்.

ஜூலை 21
செயலியில் யாரும் பேசுவதே இல்லையாம். மூன்று கல்லூரிகளும் கூடிய கூட்டத்தில் அன்னூர் மாணவி சாய்ப்ரியா எழுந்து சொல்லிவிட்டாள்: "முன்னாடி ஆப்புல மேடம் சொல்லு கண்ணும்பாங்க, சொல்லுவோம். இப்ப யாரும் கேக்காம நாங்களா எப்படீங்க பேசறது?" எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான், கூப்பிடாமல் வாய் திறக்க மாட்டார்கள். பிரத்யுஷாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஜூலை 22
பிரத்யுஷா நேரில் வந்தாள். வெட்டியதை அழித்தும் தொலைத்திருக்கிறார்கள்.
"அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் பேசிக் குடுத்தாப் போதுங்க."
"என் வகுப்பக் குடுங்க. பேசறேன்."
"அது கமிட்டி முடிவுங்க."
"அப்ப இது என் முடிவுங்க."
காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. வந்தவளை அப்படி அனுப்பியது இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 4
யாரும் கூப்பிடவில்லை. இறங்கி வருவார்கள் — வராமல் எங்கே போவார்கள்?

ஆகஸ்ட் 11
லேபில் வழக்கம்போல அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். என் மாணவன் அர்ஷத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "மறுபடி பேசிக் குடுத்துட்டீங்களா மேடம்? தேங்க்ஸுங்க."
வாங்கிக் காதில் வைத்தேன். என் குரல். என் இழுப்பு. பேசவே இல்லையே நான் — மிச்சமிருந்த பதிவுகளைக் கொடுத்து மெஷினை என்னைப்போலப் பேச வைத்திருக்கிறார்கள். பாவிகள்.
ஒரு ஜெர்மன் வாக்கியம் சொன்னது. கொஞ்சம் நிறுத்தி, "சொல்லு கண்ணு" என்றது.