குழாய் வாயில் பஞ்சு

அன்பு மகள் பஞ்சுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். கடிதம் எழுதிப் பல வருஷமாயிற்று. எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. போனில் பேசலாமென்றால், உன் போன் மாப்பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கிறதாமே. கீழ்வீட்டு அம்மாளின் போனை இரவல் வாங்கித்தான் உன் அம்மாவிடம் பேசினாயாம். அதனால்தான் தபால். தபால்காரர் வருகிற நேரத்தில் மாப்பிள்ளை ஷோரூமில் இருப்பார். படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. மறந்துவிடாதே.

நீ சொன்னதை உன் அம்மா ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்பித்தாள். அவர் கை நீட்டுகிறார், அதற்கு முன்னால் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த ஸ்பீக்கரை முழுச்சத்தத்தில் வைத்துவிடுகிறார், என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழுதாயாம். உன் அம்மா அப்போதே ஒரு பையில் என் சட்டையைத் திணித்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள். "இப்பவே கெளம்புங்க, போயி புள்ளைய கூட்டிட்டு வாங்க" என்று ஒரே பிடிவாதம். நான் பலகைக்குப் பசை தடவி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசை காய்வதற்குள் கையை எடுத்தால் மூலை பிளந்துவிடும். இவ்வளவு வருஷம் பட்டறைக்காரனோடு குடித்தனம் செய்தும் அவளுக்கு இது தெரியவில்லை.

பசை காய்ந்த பிறகும் நான் கிளம்பவில்லை, அது வேறு விஷயம். வந்தால் நீ எங்கே இருப்பாய், யோசித்தாயா? உன் அறை முழுக்க இப்போது ஸ்பீக்கர் பெட்டிகள். உன் கட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டாயிற்று. தங்கையைப் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூத்தவள் வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில் யார் வந்து காப்பி குடிப்பார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதோடு, நான் செய்கிற பெட்டி எல்லாம் மாப்பிள்ளையின் சித்தப்பா ஷோரூமில்தான் நிற்கிறது என்பது உனக்குத் தெரியாததா? அவரைப் பகைத்துக்கொண்டு நான் இந்த நெட்டைப் பெட்டிகளை யார் தலையில் கட்டுவது? அடிக்கிற கைதான் அணைக்கும். உன் அம்மாவையும் நான் ஒன்றிரண்டு தரம் தட்டியிருக்கிறேன். அவள் இருக்கவில்லையா?

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா, உங்க பெட்டி படுத்துடுச்சு. பேஸே இல்ல, அடிச்சத்தமே காணோம், தகர டப்பா மாதிரி கத்துது" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு யாருடைய பெட்டியைச் சொன்னாலும் சிரித்திருப்பேன். உன் கல்யாணத்துக்காக நான் செய்த ஜோடி அது. இதுவரை நான் செய்ததில் அதற்கு நிகர் இல்லை. உடனே அனுப்புங்கள் மாப்பிள்ளை, பழுது என் பொறுப்பு என்றேன். லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

முதலில் விரல் முட்டியால் பக்கப்பலகையைத் தட்டிப் பார்த்தேன். மரத்தில் குறை இல்லை. சுவரோரம் நான் ஒட்டிய பஞ்சு சரிந்துவிட்டதோ என்று சந்தேகம். நீ பட்டறையில் வளர்ந்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கரின் கோன் முன்னால் பேசுகிற அளவு பின்னாலும் பேசும். பின்னால் பேசுவது பலகையில் மோதித் திரும்பி வந்து முன்குரலைக் கெடுக்கும். அதை விழுங்கத்தான் உள்சுவரெல்லாம் பஞ்சு. அதில் ஆழமான சத்தத்தை மட்டும் வீணாக்காமல், பின்பக்கக் குழாய் வழியாக வெளியே விடுகிறோம். அந்தக் குழாய்தான் பெட்டிக்கு உயிர். அதன் உள்வாயைப் பஞ்சு நெருங்கவே கூடாது. நெருங்கினால் அடிச்சத்தம் செத்துப்போகும்.

பேஸ் ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே விளக்கைக் காட்டினேன். சுவர்ப் பஞ்சு ஒட்டினபடியே இருந்தது. குழாயின் உள்வாயில் மட்டும் ஒரு பொட்டலம், கார்க் போட்டதுபோல இறுக்கமாக. இரண்டு பெட்டியிலும் அப்படியே. வெளியே எடுத்துப் பார்த்தால் தலையணைப் பஞ்சு. அதை அப்படியே திணிக்காமல், நார் பிரிந்து கோனில் ஒட்டிக்கொள்ளாதபடி துணியில் சுற்றி, சுற்றிலும் தையல் போட்டிருந்தது. துணி, நீ கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் போட்டுக்கொண்டிருந்த அந்த நீலச் சட்டை.

வேலை சுத்தம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு திருகாணியின் தலைகூடத் தேயவில்லை. மாப்பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவரில் எந்தப் பக்கம் கைப்பிடி என்பதே சந்தேகம். வெளியாள் யாராவது சத்தத்தைக் குறைக்க நினைத்தால் குழாயின் வெளிவாயில் துணியை அடைப்பான். அது கண்ணுக்குத் தெரியும், மறுநாளே பிடுங்கிவிடுவார்கள். ஸ்பீக்கரைக் கழற்றி உள்வாயை அடைக்க இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தோன்றும். ஒருவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எதற்காக என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடிச்சத்தம் இருந்தால் கீழ்வீட்டுக் கூரை அதிரும், வேறு எதுவும் அவர்கள் காதில் விழாது. அது இல்லாமல் வால்யூமை எவ்வளவு திருகினாலும் மேலே வெறும் கீச்சுதான். அதன் இடுக்கில் மனுஷக் குரல் புகுந்து வெளியே வந்துவிடும். வந்திருக்கிறது. கீழ்வீட்டு அம்மாள் மாடியேறிக் கதவைத் தட்டி, "என்னம்மா சத்தம், யாரு அழுவுறது?" என்று கேட்டார்களாமே. அப்புறம்தானே அவர்கள் போன் உன் கைக்கு வந்தது? என் பெட்டியைக் கெடுத்து நீ அக்கம்பக்கத்தைக் கூட்டியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது. பெருமையும் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கோபம்தான் அதிகம்.

உன் அம்மா அந்தப் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்தாள். திருப்பித் தரவில்லை. அலமாரியில் தன் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சும் குறைவு. சாப்பாடு மட்டும் வேளைக்கு வருகிறது.

மாப்பிள்ளையிடம் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எலி உள்ளே புகுந்து கூடு கட்டியிருந்தது மாப்பிள்ளை என்று சொன்னேன். "ரெண்டுலயும் எலியா மாமா?" என்றார். ஜோடி எலி என்றேன். சிரித்துவிட்டார். நல்ல மனுஷன், கோபம் மட்டும்தான் கொஞ்சம் முன்னால் நிற்கும். நான் வாய் திறந்திருந்தால் உன் கதி என்ன, நீயே சொல். பெற்றவன் என்பதால்தான் மறைத்தேன்.

ஆனால் ஒரு பொய்யை இரண்டாம் தரம் விற்க முடியாது. அதனால் சில வேலைகள் செய்திருக்கிறேன். சுவர்ப் பஞ்சை உரித்துவிட்டு, புதிதாகத் தடித்த பஞ்சு போட்டிருக்கிறேன். குழாயைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விட்டிருக்கிறேன், ஒரு நூல்கூட அங்கே எட்டாது. வெளிவாயில் கம்பி வலை அடித்தாயிற்று. எலிக்கு என்று சொல்லியிருக்கிறேன். பேஸ் ஸ்பீக்கரைத் திருகாணி போட்டதோடு விடாமல், சுற்றிலும் பசை ஊற்றி ஒட்டிவிட்டேன். இனி அதைக் கழற்ற வேண்டுமென்றால் பெட்டியை உடைக்க வேண்டும். எந்தப் பட்டறைக்காரனும் செய்யாத காரியம், ஒரு ஸ்பீக்கர் எரிந்தால் மொத்தப் பெட்டியும் விறகு. தெரிந்தேதான் செய்தேன். திருகாணியைத் தேய்க்காதே, துணியில் சுற்றாத பஞ்சைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோகாதே என்று சொல்லிக்கொடுத்து உன்னை நான்தான் கெடுத்து வைத்தேன். என் வாய்க்கு நான்தானே பூட்டு தேட வேண்டும்.

நேற்று சாயங்காலம் இரண்டையும் பட்டறையில் நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, முழுச்சத்தம் வைத்துப் பார்த்தேன். அடடா. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேசைமேல் இருந்த ஆணி டப்பா நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது, விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. முன்னைவிட இப்போது ஒரு மடங்கு கூடுதல். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது உன் அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது, வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது. எத்தனை நேரமாகக் கத்தினாளோ தெரியாது. ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. அடுப்பில் தீப்பிடித்துவிட்டதோ என்று பதறி ஓடிப்போய் ஆம்பை நிறுத்தினேன். என்ன, என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்" என்றாள்.

கேட்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலை சுத்தம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று நான்தான் பட்டறையில் நின்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஆம்பைப் போட மனசு வரவில்லை.

பெட்டிகள் இன்று காலை லாரியில் ஏறிவிட்டன. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தாலும் சேரும். மாப்பிள்ளை ஆசையோடு காத்திருக்கிறார். அவர் மனசு கோணாமல் நடந்துகொள். கீழ்வீட்டு அம்மாளிடம் அதிகம் வைத்துக்கொள்ளாதே.

வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடு, தாயே. சத்தம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். வேறெதுவும் எழுத வேண்டாம். உன் கையெழுத்தைப் பார்த்தால் உன் அம்மா சாப்பிடுவாள்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா