கோட்டுக்கு அடியில் உங்கள் பெயர்

ராத்தா,

உங்கள் வயலை உங்கள் மகளின் பேருக்கு மாற்ற இன்று காணிப் பதிவுக் கந்தோருக்குப் போனேன். மேசையில் மைத்தட்டு திறந்து கிடந்தது. அந்த ஊதா மையின் மணம்.

வயலின் பழைய உறுதிப் பத்திரத்தை விரித்தார்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் பெருவிரல் அடையாளம். அதற்கு மேல் ஒரு வரி எழுத்து, குறுக்கே கோடு. பக்கத்தில்: 'எழுத்தறியாத இவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது.' சாட்சி, நான்.

அக்காவும் தம்பியுமாக ஒரே ஓதப்பள்ளியில்தான் இருந்தோம். குர்ஆன் ஓதி முடித்தவர்களுக்கு அதே அரபு எழுத்தில் தமிழை எழுதவும் அங்கே சொல்லித்தந்தார்கள். அதற்கு முன்பே என்னை எடுத்து இங்கிலீசுப் பள்ளியில் சேர்த்தார் வாப்பா. உங்களைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து இரண்டாம் வகுப்போடு மறித்தார். "பொம்புளப் புள்ளைக்கு ஓதப்பள்ளி காணும்."

அங்கே படித்த அந்த எழுத்தை வைத்தே எல்லாம் செய்தீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் தெருப் பெண்கள் கூடுவார்கள். இறைநேசர்களின் புகழ் சொல்லும் மாலைப் பாட்டை நீங்கள் வாசிப்பீர்கள். "மெதுவா வாசி புள்ள, அழுறதுக்கு நேரம் வேணும்" என்பாள் பக்கத்து வீட்டு மாமி. பொத்துவிலில் வாழ்க்கைப்பட்ட உங்கள் தோழி உங்களுக்கு அதே எழுத்தில் பதில் போடுவாள்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் எனக்கும் எழுதினீர்கள். ஒன்றும் விளங்கவில்லை. யாரையாவது பிடித்துத் தமிழில் எழுதுவிக்கச் சொன்னேன்.

"இது தமிழில்லாம என்ன தம்பி?" என்று விடுமுறையில் கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள்.

வாப்பா மௌத்தான பிறகு வயலைப் பங்கிட, உறுதி எழுதும் நொத்தாரிசு நம் வீட்டுக்கு வந்தார். நீங்கள் திரைக்குப் பின்னால். உறுதியை உள்ளே நீட்டினேன். பேனை ஊரும் சத்தம் கேட்டது. தாள் திரும்பி வந்தது, வலமிருந்து இடமாக எழுதிய ஒரு வரியோடு.

நொத்தாரிசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது அவங்கட பேர்தானா? விரல் வச்சு வாசியும் தம்பி, எனக்கு அது காணும். நீர் படிச்ச ஆள்தானே."

எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம்.

"சும்மா கிறுக்கல் ஐயா. கைநாட்டே எடுங்க" என்றேன்.

கோடு விழுந்தது. திரையின் ஓரத்தால் உங்கள் கை வந்தது. பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியதும் நான்தான். விரல் விறைத்திருந்தது.

அவர் போன பிறகு ஒன்றுதான் கேட்டீர்கள்: "உனக்குத் தெரியாதெண்டு சொல்ல ஏலாதா தம்பி?"

அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் வரவில்லை. பொத்துவிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகளிடம் அந்த எழுத்தைப் படிக்கிறேன். தமிழ் ஒலிகளுக்கென்று கூட்டிவைத்த புள்ளிகளில் தடுக்கி நிற்கிறேன். "அந்தப் பக்கமில்ல மாமா, வலப்பக்கத்தால தொடங்குங்க" என்று அவள் சிரிக்கிறாள். உங்கள் சிரிப்பு.

இன்று கந்தோர் மேசையில், கோட்டுக்கு அடியில் இருந்ததை எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். உங்கள் பெயர். வாப்பாவின் பெயர். ஒரு புள்ளி தப்பவில்லை.

"அது என்ன, கிறுக்கலா?" என்றார் இலிகிதர்.

"கையெழுத்து" என்றேன்.

"வெட்டின எழுத்துச் செல்லாது" என்று தாளைப் புரட்டினார்.

செல்லுபடியாவது என்னுடையதுதான், ராத்தா. உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதற்கு நான் வைத்த சாட்சி.