ஒரு நாளைக்கு யாரும் தொடக்கூடாது

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். ஃபேன் ரிப்பேருக்கு வந்தவர்களிடமெல்லாம் என் மார்க் ஷீட்டை நீட்டினீர்களே, அப்படி இதையும் அங்கே நீட்டிவிடாதீர்கள். பெங்காலியில் எழுதினால் மாமா கையில் சிக்கினாலும் பயமில்லை. ஆனால் உங்களுக்கும் பெங்காலி படிக்க வராதே. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

கடை அறையில் இருக்கிறேன். உள் கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் மாமாவின் குறட்டை கேட்கிறது. கரண்ட் போய்விட்டது, மெழுகுவத்திதான். நீங்கள் போய் ஐந்து மாதமாகியும் உங்கள் வார்னிஷ் வாசனை சுவரை விட்டுப் போகவில்லை.

நாளைக் காலை ஒருவர் வந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் மெஷினையும் உங்கள் சாமான்களையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறார். மாமா பேசி முடித்துவிட்டார். சாயங்காலம் அவருக்கு ஹௌராவில் ரயில். "இதை வித்துட்டா உனக்கு இங்க என்ன வேலை? பரீட்சை முடிஞ்சதும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துடு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "பொம்பளை மோட்டார் கடை நடத்தி நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார் அடுத்து.

நான் பார்த்திருக்கிறேனே அப்பா! வாய் வரைக்கும் வந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகு, மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அம்மாதான் மெஷின் முன்னால் உட்காருவாள். அவள் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுவீர்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் மாமிகளின் கிரைண்டர், பக்கத்து வீட்டுப் பெங்காலி மாசிமாவின் ஃபேன், எல்லாம் அம்மாவின் கைவேலை. "தாதா, உங்க கை தங்கம்" என்று மாசிமா உங்களை அண்ணனாக்கிச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "தங்கம்தான் மாசிமா. ஆனா அது உள்ளே சமைச்சுக்கிட்டிருக்கு." அவருக்குப் புரியவே இல்லை.

நீங்கள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அன்று, மோட்டாருக்கு உங்கள் மழைக்கோட்டைப் போர்த்தி, தோளில் வைத்துக்கொண்டு நனைந்தபடி வந்தீர்கள். அம்மா திட்டியதற்கு, "எனக்குக் காய்ச்சல் வந்தா கஞ்சி குடிச்சா போதும். இதுக்கு வந்தா மறுபடி முதல்லேர்ந்து சுத்தணும்" என்றீர்கள். உடம்பை அப்படி விட்டுவிட்டீர்களே, ஏன் அப்பா?

வருஷத்தில் இரண்டே நாள்தான் உங்களுக்கு லீவு. இந்த ஊர் விஸ்வகர்மா பூஜைக்கு ஒன்று, நம் ஆயுத பூஜைக்கு ஒன்று. "பொழைக்கிற ஊருக்கு ஒண்ணு, பொறந்த ஊருக்கு ஒண்ணு" என்பீர்கள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. ஒருமுறை அன்றைக்குப் பார்த்து மாசிமா வீட்டு ஸ்விட்ச் கழன்றுவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டேன் என்று, அடுப்படிக் கத்தியை எடுத்துப்போய் முடுக்கிவிட்டு வந்தீர்கள்.

"அப்போ என் கத்திக்கு மட்டும் லீவு கிடையாதா?" என்று அம்மா கேட்டாள். அன்றைக்கு ராத்திரி நீங்கள்தான் உப்புமா கிண்டினீர்கள். உப்பே போடவில்லை. நாங்கள் சொல்லவில்லை.

இந்த வருஷம் விஸ்வகர்மா பூஜைக்குத் தெரு முழுக்கப் பட்டம் பறந்தது. நம் ஷட்டர் மட்டும் மூடிக் கிடந்தது. துக்க வருஷம், பூஜை கூடாதாம். நாளைக்கு ஆயுத பூஜை, அதுவும் கிடையாதாம்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. கொஞ்சம் முன்னால் அம்மாவின் குங்குமச் செப்பை எடுத்துவந்தேன். இத்தனை நாள் யாரும் திறக்காமல் மூடி இறுகிப்போயிருந்தது. மெஷினுக்கும், ஸ்பேனருக்கும், டெஸ்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். இனி நாளை முழுக்க யாரும் தொடமுடியாது. மாமா சாமிக்குப் பயந்தவர். ஒரு நாள் போனால் போதும், ரயில் வந்துவிடும்.

துக்கத்தில் செய்தது தப்பாகுமா? சாமி கோபித்துக்கொண்டால் நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் அம்மாவுக்கே மெஷின் வேண்டாம் என்றிருந்தால்? அவள் ஏன் வாயே திறக்கவில்லை?

காலையில் மாமா கத்தினால், அந்த ஃபேனும் கிரைண்டரும் யார் கைவேலை என்று சொல்லிவிடுவேன். உங்கள் சத்தியத்தை உடைப்பதற்கு மன்னித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இன்னொன்று சத்தியம் செய்கிறேன். அம்மா சுற்றும்போது, இனி உங்கள் இடத்தில் நின்று நான் எண்ணுவேன். ஒரு சுற்றுகூடத் தவறவிட மாட்டேன்.

கதவைத் தட்டுகிறார்கள்.

குறட்டை இன்னும் கேட்கிறது. வளையல் சத்தம் இல்லாத தட்டல். அம்மாதான். மெதுவாகக் கேட்கிறாள்:

"கௌரி, செப்பை எடுத்துக்கிட்டுப் போனியே, கைப்பிடிக்கும் பொட்டு வெச்சியாடி?"

கைப்பிடியை மறந்தே போனேன், அப்பா. திறக்கப் போகிறேன்.

உங்கள் மகள், அம்மாவின் மகள்,
கௌரி